காக்கி உடுக்காமல் வந்தவள்

கணவர் சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரமாகியும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். புகார் கொடுத்தால் போலீஸ் வாசலில் வந்து நிற்குமே! மண்டைக்காட்டுப் பக்கத்திலுள்ள எங்கள் தெருவில் அதைவிட மானக்கேடு வேறில்லை என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு பெண் போலீஸ் வந்து, எதையும் பயப்படாமல் சொல்லலாம் என்று பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். டீ குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா மட்டும் ஒண்ணும் பேசல்லியே?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்டுக்கு மட்டும் வந்திராத மக்களே" என்று அவளிடம் கெஞ்சினேன்.

"யூனிபார்ம் போடாம வாறேன். தங்கச்சின்னு சொல்லுங்க."

மறுநாள் சுடிதாரில் வந்து அவருடைய போட்டோவை வாங்கிப் போனாள். அடுத்த முறை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்ல நினைவு திரும்பாமலே, கூட்டத்துக்கு முந்தின நாள் இறந்துவிட்டார்.

என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "ஏட்டி, என்னாச்சு? இவ உனக்க தங்கச்சியில்லா?"

"இல்ல, போலீசு. எனக்க மாப்பிளையக் கண்டுபிடிச்சவ" என்றேன்.

அடக்கம் முடிந்தபின் அவளிடம் கேட்டேன். "நான் மொதல்லயே சொல்லியிருந்தா?"

வந்தவர்கள் எல்லாரும் விதி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"உயிரோட பாத்திருப்பிய அக்கா" என்றாள்.

அந்தப் பதில் இன்றும் என்னை அறுக்கிறது. ஆனாலும், என்னிடம் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.