வைட்டமின் என்று சொன்ன மருந்து

மகன் பிறந்து நான் வீட்டுக்கு வந்த மறுநாள், கோத்தா திங்கியிலிருந்து அத்தை வந்து இறங்கினார். என் கணவரின் அம்மா. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் சுறா மீன். பால் சுரக்க அதைவிட நல்லது கிடையாது என்று சொல்லிக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போனார்.

எனக்குப் பால் சுரக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

கர்ப்பமான புதிதில் எங்கள் ஊர் மாசாயில் கிளினிக்குக்குப் போனபோது எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு கணவருக்கும் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, கிருமி இருப்பது தனக்கே தெரியாது என்றார். அழுதார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். என்னோடு வேலை செய்த மலாய்த் தோழிகள் எல்லாரும் கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போய் வந்தவர்கள்; அவர்களுக்கு அது கட்டாயம். நாங்கள் ஜாதகம் பார்த்தோம்.

அன்றிலிருந்து தினமும் மாத்திரை சாப்பிட்டேன். பிரசவ நேரத்தில் கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பிள்ளைக்குத் தொற்ற வாய்ப்பு மிகவும் குறைவு என்றார் டாக்டர். ஆனாலும் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார்: தாய்ப்பால் வேண்டாம், முதல் சில வாரங்களுக்குக் காலையும் மாலையும் சிடோவுடின் என்ற சிரப்பைக் கொடுக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அதனால் இரத்தம் குறையலாம், அதையும் பார்த்துக்கொள்வோம் என்றார். நான் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து விரித்துப் படித்தேன். நோயே இல்லாமல் இருக்கக்கூடிய பிள்ளைக்கு இவ்வளவு கடுமையான மருந்தா என்று ஒரு நேரம் பயப்படுவேன். கொடுக்காமல் விட்டுத் தொற்றிவிட்டால் என்று அடுத்த நேரம்.

"அம்மாகிட்ட பால் வரலன்னு சொல்லிடு. மருந்த வைட்டமின்னு சொல்லிக்கலாம்" என்றார் கணவர். சரி என்றேன். சின்னப் பொய்யாகத்தான் தெரிந்தது.

பால் வரவில்லை என்றால் வரவழைக்க வேண்டும் என்பதுதான் அத்தைக்குத் தெரிந்த வழி. சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சமையலறை ஓயவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்த அவருடைய தங்கை, பால்மாவு டின்னைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புருஷனுக்கு சிங்கப்பூர் சம்பளம் வருதுல்ல, டின்னுப் பாலுக்கு என்ன கொறச்சல்! ஒடம்பு கொலையாம இருக்கணும்லா" என்றார்.

"ஒம் மருமக புள்ளயப் பெத்துட்டு மறு மாசமே ஜிம்முக்குப் போனாளே, அத மொதல்ல கேளு" என்றார் அத்தை. "இவளுக்கு வரல, என்ன செய்வா? நான் வர வைக்கிறேன் பாரு."

எனக்காகப் பேசியவரிடம்தான் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலை நிறுத்த ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதையும் மீறி ஒரு நாள் மார்பு கல்லாக இறுகிவிட்டது. சுறாப்புட்டுதான் காரணமா, மாத்திரை சரியாக வேலை செய்யவில்லையா, தெரியாது. சட்டை நனைந்திருந்ததைப் பார்த்து அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "வந்துருச்சு பாத்தியா!" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் நெஞ்சோடு வைத்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேணாம் அத்த. காய்ச்சலா இருக்கு."

காய்ச்சல் உண்மைதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, காய்ச்சலோட பாலு குடுக்கக் கூடாது. நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளையைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். சிரப்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சிரிஞ்சில் காட்டிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை காய்ச்சல் கொஞ்சம் விட்டதும் எழுந்து போனேன். "வைட்டமின் குடுத்தீங்களா அத்த?"

"புள்ளைக்கு மூக்கு அடைச்சிருக்கும்மா. இந்த நேரத்துல வைட்டமின் குடுத்தா சளி நெஞ்சுல கட்டிக்கும். நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன்." பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினார். "அதுவும் இல்லாம எப்படி வெளுத்துப் போயிருக்கான் பாரு. அந்த மருந்து சூடு."

மருந்துத் தாளில் நான் படித்துப் பயந்ததை அவர் படிக்காமலே பார்த்துவிட்டார். ஆனால் எனக்கு அப்போது காதில் விழுந்தது 'நிறுத்திட்டேன்' என்பது மட்டும்தான்.

"ஒங்கள யாரு நிறுத்தச் சொன்னது?" வீடே அதிரக் கத்தினேன். "எம் புள்ளைய இனிமே தொடாதீங்க!"

அவர் மிரண்டுபோனார். "வைட்டமின்தானேம்மா... ரெண்டு வேள விட்டா என்ன?"

கிளினிக்குக்குப் போன் செய்தேன். போனை எடுத்த நர்ஸ் மிஸி பதறவில்லை. "இப்ப ஒரு வேள குடுங்க. விட்டதுக்கும் சேத்து டபுளா குடுத்துடாதீங்க. நாளைக்கு கொண்டு வாங்க, ரத்தம் பாத்துடலாம்" என்றார். பார்த்தார்கள். இரத்தம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, மருந்து முடிந்ததும் தானாக ஏறிவிடும், தொடர்ந்து கொடுங்கள் என்றார்கள். அப்படியே ஏறியது.

இறந்துபோன மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர் அத்தை. இது வைட்டமின் இல்லை, மருந்து என்று சொல்லியிருந்தால் போதும். நோயின் பெயரைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். நான் தூங்கினாலும் அவர் தூங்காமல் கொடுத்திருப்பார். இது எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியபோது, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவர் கேட்பாரே என்ற பயம் முன்னால் வந்து நின்றது.

பத்தியம் முடியும்வரை அத்தை இருந்தார். சமைத்தார், துணி துவைத்தார், எனக்கு வெந்நீர் வைத்தார். பிள்ளை அழுதால் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்று, "தூக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். தூக்குங்க அத்த என்றேன், ஒவ்வொரு முறையும். அடுத்த முறையும் கேட்டார்.

மகனுக்கு ஒன்றரை வயதானபோது கடைசிப் பரிசோதனை. முடிவு கேட்கப் போன நாளில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தொற்று இல்லை, இனி இதற்காக வர வேண்டாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கணவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அத்தையிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"வெயிட்டு நல்லா ஏறியிருக்காம் அத்த" என்றேன்.

"அப்பாடா" என்றார். மகன் என் கையை உதறிவிட்டு அவரிடம் ஓடினான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அத்தை குனிந்தார். கை நீட்டியபடியே தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.