டிரைவரக்காவின் வலது கால்

பஸ்ஸில் பெரிய சாமான் ஏற்றக் கூடாது என்பதில் டிரைவரக்கா ரொம்பக் கறார். லிப்ட் மெக்கானிக் ஒருவர் மூச்சு வாங்க ஒரு நீளப் பெட்டியைப் படியில் தூக்கி வைத்ததும், "என்ன தம்பி, பிணப்பெட்டியா? முதல்ல இறக்குங்க" என்று ஒரு சத்தம் போட்டாள்.

"பிணம் இல்லக்கா, உயிரோடதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் சொல்ற இடத்துக்கு வந்து கேட்டுப் பாருங்க" என்றார் அவர்.

சவால் விட்டால் சும்மா இருக்கிற ஆளா அவள்? போனாள். கெட்டது குடி!

போன இடம் ஒரு பல் டாக்டரின் கிளினிக். நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த மெக்கானிக்கும் சேர்த்து நாலைந்து பேர் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார் என்றால் மடியில் வைத்துக் கட்டிப்பிடிப்பது என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். இதுவோ நாலு காலில் மேஜை மாதிரி நின்றது. மேலே பத்துக் கம்பி. இடது கையில் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். கீழே வரிசையாகப் பெடல்கள், முட்டிகளால் தள்ள நெம்புகோல்கள். போதாததற்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வலது காலுக்கென்று தனியாக இன்னொரு பெடல். பல் டாக்டர் ஒரு சுரத்தை இழுத்தார். அது கிளம்பி, வளைந்து, குழைந்து, அடுத்த சுரத்தின் மடியில் போய் விழுந்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"இதை நான் ஓட்டணும்" என்றாள். வாசிக்கணும் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு வாத்தியம் உபரியாக இருந்தது. புதிதாக வருகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த பெரிய கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், ஒரு பாட்டை நடுவில் நிறுத்தாமல் வாசித்துக் காட்ட வேண்டும். நிறுத்தினால் வாத்தியம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அடுத்து நின்றவர் மருந்துக்கடைக்காரர். தங்கமான மனுஷன், அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் திட்டியாவது ஆறியிருப்பாள். சொந்தமாக வாங்கலாம் என்றால் பஸ்ஸைத்தான் விற்க வேண்டும், பஸ்ஸோ அவளுடையதில்லை.

வாத்தியம் படுக்கையறைக்கு வந்தது. அலமாரியைத் திறக்க முடியாமல் போனது. "பூனை எங்கயாவது மாட்டிக்கிச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு மாட்டுறேன்" என்றாள். ஆனால் கோபமே வரவில்லை பாருங்கள், அதுதான் அதிசயம். சிக்னலில் நிற்கும்போது முட்டி இரண்டும் தன்பாட்டுக்கு ஆடும். பின்னால் ஹாரன் அடிப்பான். அடிச்சா அடிக்கட்டும் என்று சிரிப்பாள். இந்த வயதில் இப்படித் தலைகால் புரியாமல் திரிகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, வேண்டியும் இருந்தது.

வினை வலது காலில் இருந்தது. பயந்தால் பிரேக்கை மிதிப்பது பாதி ஆயுசாக அந்தக் காலுக்குப் பழக்கம். சத்தப் பெடலிலோ முன்னால் மிதித்தால் சத்தம் கூடும். சரியாக வந்த சுரமெல்லாம் சாதுவாகப் போகும். கை தப்பிய சுரத்துக்கு மட்டும் அக்கா பதறி ஒரு மிதி மிதிப்பாள், அது ஊரையே கூட்டும்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "பயப்படாதீங்கக்கா, வலிக்காது" என்றார் பல் டாக்டர், வாய்ப் பழக்கத்தில். "சாப்பாட்டுக்கு அப்புறம் வாசிச்சுப் பாருங்களேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். லிப்ட் மெக்கானிக் மட்டும் தரையில் குப்புறப் படுத்து அவள் காலையே பார்த்தார்.

"பயந்தா முன்னால மிதிக்கிறீங்க, சரிதானே? அப்ப முன்னால மிதிச்சா சத்தம் அடங்கணும். அவ்வளவுதானே விஷயம்?"

பெடலைக் கழற்றினார், உள்ளே ஒயரை மாற்றிப் போட்டார். இனி முன்னால் மிதித்தால் மௌனம், குதிகாலில் பின்னால் சாய்ந்தால் சத்தம். அதற்குப் பிறகு தப்பு வரும், கால் பாயும், ஓசை செத்துப்போகும், ஈ காக்காய்க்குத் தெரியாது. அக்கா மெக்கானிக்கின் கன்னத்தைக் கிள்ளாத குறை.

பெரிய கூட்டத்தன்று கிளினிக் நிரம்பி வழிந்தது. வாத்தியத்தை ஏற்றிப்போக மருந்துக்கடைக்காரர் வேனோடு வந்திருந்தார். வாசலில் வேனைக் கண்டதுமே அக்கா நேரே வாத்தியத்திடம் போனாள். விட்டுக் கொடுக்க முடியாது, செத்தாலும் முடியாது என்று உட்கார்ந்தாள்.

மெதுவான பாட்டு. நடுவில் ஓர் ஏற்றம் உண்டு: கையும் காலும் முட்டியும் ஒரே நேரத்தில் நகர வேண்டிய இடம். பழகும்போது ஒருதரம்கூட அது ஒழுங்காக வந்ததில்லை. அன்றைக்கு வந்தது! வழுக்கிக்கொண்டு வந்தது! சந்தோஷம் உச்சந்தலைக்கு ஏறியது. எதிரே ஒரு வண்டியும் இல்லாத நெடுஞ்சாலையைக் கண்டவள் என்ன செய்வாள்? வலது காலால் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

ஓசை அடங்கியது.

பயந்தால் அந்தக் கால் என்ன செய்யும் என்று எல்லோரும் யோசித்தார்களே தவிர, சந்தோஷப்பட்டால் என்ன செய்யும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. வண்டி இழுக்காவிட்டால் டிரைவர் இன்னும்தானே அழுத்துவார்? அழுத்தினாள். முழு மௌனம். பல் டாக்டர் வாயைப் பிளந்தார். மருந்துக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அக்காவின் கை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இறக்கத்தில் வண்டியைச் சும்மா உருள விடுகிற டிரைவரைக் கண்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்காக எத்தனை பேரை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள்! இப்போது வேறு வழியில்லை. கால் நுனியை விட்டாள். குதிகாலில் சாய்ந்தாள். போகிறபடி போ என்று உருள விட்டாள்.

ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கடைசிச் சுரம் கிளம்பியது. மெல்ல, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊறி, அறை முழுக்க நிறைந்து, தானாகவே அடங்கியது.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அக்கா கையை உயர்த்தி அடக்கினாள். "பொய் சொல்ல மாட்டேன். நடுவுல சத்தம் நின்னுபோச்சு. எல்லாரும்தான் கேட்டீங்களே" என்றாள்.

மருந்துக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். "சத்தம்தான்க்கா நின்னுச்சு. கை நிக்கல. எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு கண்ணை எடுக்காம அதைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். சத்தியமா நிக்கவே இல்ல." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

டிரைவரக்கா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், அத்தனை பேர் முன்னால் வாத்தியத்தைக் கட்டியும் பிடித்தாள். பிறகு எழுந்து, இருக்கையைத் துடைத்து, இரும்பு உருளையை மருந்துக்கடைக்காரரின் கையில் திணித்தாள்.

"உக்காருங்க. பயந்தா உங்க கால் என்ன செய்யும், சந்தோஷப்பட்டா என்ன செய்யும், ரெண்டையும் இப்பவே பாத்துடலாம். வாரத்துல பாதி நாள் இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்து, ஒரு கம்பியை மீட்டினார்.