குறிகட்டுவானில் நிரம்பிய படகு

"...அதுக்காக ஐம்பது பேரின்ரை உயிரோடை விளையாட ஏலாது. கணக்கெண்டால் கணக்குத்தான்," என்று தில்லை அண்ணை சொல்லி முடித்தபோது படகிலிருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

நெடுந்தீவுக்குப் பின்னேரக் கடைசிப் படகு அது. கடலும் வானமும் ஒரே வெண்சாம்பலாய்க் கலந்திருந்தன. தண்ணீரில் இருக்கிறேனா, ரொறன்ரோவில் கண்ணயர்ந்து இதையெல்லாம் காண்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பெண், கையில் மருந்துப் பையோடு நின்றாள். காய்ச்சல்காரப் பிள்ளையை அயலில் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய் வந்தவளாம். எங்கள் படகுகளில் யாரும் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. "காலை எடுங்கோ" என்பார்கள். எல்லோரும் முழங்காலை மடக்க, எங்கிருந்தோ ஓர் இடம் பிறந்துவிடும். அவளும் அப்படித்தான் சொன்னாள். கால்கள் மடங்கின. ஆனால் உயிர்காப்புச் சட்டைகள் ஐம்பதும் ஐம்பது உடம்புகளில் ஏறிவிட்டிருந்தன. அப்போதுதான் அண்ணை குறுக்கிட்டார்.

அவர் ரொறன்ரோவில் எனக்கு மேல்மாடிக்காரர், பாலங்களுக்குப் பாரம் கணக்குப் பார்க்கும் எஞ்சினியர். லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவதாய் ஏறமாட்டார். பதினான்காம் மாடிக்கு நடந்தே போவார். அதே கணக்கைக் கனடாவுக்கும் போட்டார். வீடில்லை, வைத்தியரில்லை, இனி வெளிநாட்டு ஆட்களை எடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு எழுதினார், கூட்டங்களில் பேசினார். நம்மவர்கள் அவருக்குக் 'கதவடைப்பார்' என்று பட்டம் வைத்தார்கள். நீங்கள் வரேக்கை மட்டும் பாலம் தாங்கினதோ என்று ஒருநாள் நானும் கேட்டேன்.

"அப்ப நான் கணக்குப் படிக்கேல்லை," என்றார்.

ஒரு கூட்டம் முடிய வெள்ளைக்கார அம்மா ஒருத்தி அவர் கையைப் பற்றிப் பாராட்டிவிட்டு, எப்போது திரும்பிப் போவதாக உத்தேசம் என்று கனிவாய்க் கேட்டாளாம். இவர் எட்டு மணி பஸ் என்றாராம். இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் கழித்து என்னோடு அவர் வந்தது நெடுந்தீவில் இருக்கும், தன்னை வளர்த்த அக்காவைப் பார்க்க. கண் மங்கிய மனுஷி, தம்பியின் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். நாளை இரவு கொழும்பில் விமானம். இந்தப் படகை விட்டால் அக்கா இல்லை.

படகின் முன்பக்கம், அணியத்தில் இருந்த மீன்காரர், ஏறும்போதே எங்கள் கனடாக் கதையைக் கேட்டறிந்தவர், அண்ணையின் கணக்குக்கு மறுமொழி சொன்னார். "ஐயா, கதவைக் கனடாவிலை சாத்துங்கோ. இது எங்கடை படகு."

படகு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

தில்லை அண்ணை எழுந்தார். அக்காவுக்கென்று கொண்டுவந்த கம்பளிச் சால்வைப் பையை என் மடியில் வைத்தார். உயிர்காப்புச் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி, துறைப் படியேறி, அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, அவள் ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. படகு விலகியபோது அந்த வெண்சாம்பலுக்குள் பாதி கரைந்து நின்றபடி, விரலை நீட்டி, எங்களை ஒவ்வொருவராய் எண்ணிக்கொண்டிருந்தார்.