நெனிதாவின் இரண்டு கணக்குகள்

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில், கடலில் இருக்கும் மாலுமிகளும் அவர்கள் குடும்பங்களும் செய்தி அனுப்பிக்கொள்ள எங்கள் அலுவலகம் நடத்திய தளத்தை ஆர்னெல் ஒருவன்தான் பார்த்துக்கொண்டான். பயனர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் கைபேசி தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். தளம் வேறு ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தும். தாய்மார்கள் உடனே இன்னொரு கணக்கு திறந்துவிடுவார்கள். சலித்துப்போன ஆர்னெல், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இனி ஒன்றே என்று தளத்தை மாற்றினான். இரட்டைக் கணக்குகளில் புதியவை வெறுமையாகத்தான் இருக்கும் என்று எண்ணி, நகல்கூட எடுக்காமல் அழித்துவிட்டான்.

மறுநாள் நெனிதா வந்தாள். அவள் மகன் ஜோமார் கப்பலோடு மூழ்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"தம்பி, இப்ப ஒரே தட்டுல உள்ள போயிடுறேன்பா. கெட்டிக்காரன்தான் நீ! ஆனா புள்ள பேசி அனுப்பினதக் காணோமே, எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

ஜோமாரின் குரல் பதிவுகள் எல்லாம் அவளுடைய புதிய கணக்கில்தான் இருந்தன.

"அழிச்சிட்டேன்மா. ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும்னு நெனச்சேன்."

"திரும்பக் கொண்டாந்துரலாம்ல?"

"முடியாது."

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

"அப்ப என் பேரையும் எடுத்துடுப்பா. யார் பேசுறதக் கேக்க இனி உள்ள வர?"

வேலையை விட்டுப் போகும்வரை ஆர்னெல் அந்தப் பெயரை எடுக்கவில்லை. அவளும் உள்ளே வரவில்லை.