எச்சில் கையோடு ஓடி வந்தவர்கள்

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மலையை ஒட்டி இருக்கிறது. பங்குனி பிறந்தால் மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். சுள்ளி பொறுக்கப் போன ஒருவர் போட்ட சுருட்டுத் துண்டு போதும், ஒரு சரிவு முழுக்க எரிந்துவிடும். புல் எரிந்தால் கூரை வேயப் புல் கிடையாது. அடுத்த மழைக்கு மண் கரைந்து ஓடையில் இறங்கி, கண்மாயை மேடாக்கும். அதனால் ஊரிலேயே ஆள் சேர்த்து மலைக்குத் தீக்காவல் வைப்போம். கூலி கிடையாது. காவலுக்குப் போகிறவர்களுக்குக் கோடை முடிகிறவரை மதியம் மலையடியில் ஊர்ப்பொதுவில் கம்பங்கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள், அவ்வளவுதான்.

முந்தின வருஷம் கை தூக்கியவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டோம். தீ விழுந்து, ஆள் கூப்பிடக் கொம்பு ஊதியபோது பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்களிலும் சிலர் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, பிறகு சாவகாசமாக வந்தார்கள். தெற்குச் சரிவு கரியாகிப் போனது.

அந்த ஆத்திரம் நாட்டாமைக்கு அடங்கவில்லை. மறு வருஷம் மாசிக் கடைசியில் ஊரைக் கூட்டிச் சொன்னார்.

"இந்த வருசம் சோத்து நேரம் பாத்துக் கொம்பு ஊதுவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். எவன் எச்சிக் கையோட ஓடி வாரானோ அவன்தான் காவலுக்கு. கை கழுவிட்டு வாரவன் வீட்டுலயே கெடக்கட்டும்."

கை பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க முடியாமல்தான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். முடியாது என்று சொல்லவும் வாய் வராமல் நின்றேன்.

"ஒன்னப் பேசவா சொல்லுதேன்?" என்றார் நாட்டாமை. "கையப் பாரு. சரியா இருந்தா ஒரு புங்கங்குழையக் குடு. அம்புட்டுதான்."

இரண்டொரு நாள் கழித்து, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என்னைத் தேடி வயலுக்கு வந்தார். வேற்றூரில் பிறந்து, பெண் எடுத்த வகையில் எங்கள் ஊரில் குடியிருந்தவர். வண்டி ஓட்டிப் பிழைத்தவர். மழை இல்லாமல் தீவனம் அற்றுப்போன அந்த வருஷத்தில் அவருடைய மாடுகள் இரண்டும் செத்துப் போயின. வண்டியும் கைமாறிவிட்டது.

"அண்ணாச்சி, காவலுக்கு நானும் வரலாமா? அசலூர்க்காரன்னு தள்ளிருவாகளா?"

"வரலாம்."

"கஞ்சி தெனமும் ஊத்துவாகளா?"

"தெனமும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வரப்போடு போய்விட்டார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அபூர்வம் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

கொம்பு ஊதிய அன்று நான் மோர் விட்டுப் பிசைந்த கம்மஞ்சோற்றில் பாதி தின்றிருந்தேன். அப்படியே எழுந்து ஓடினேன். மலைக்குப் போகிற பாதை தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. அதன் அடியில் நாட்டாமை, தீயை அடித்து அணைக்க இலையோடு ஒடித்த புங்கங்குழைக் கட்டோடு நின்றார். எனக்கும் முன்னால் அங்கே வந்திருந்தவர் அந்த வண்டிக்காரர் மட்டும்தான். மேல்மூச்சு வாங்கக் குனிந்து நின்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வச்சிட்டு வந்தா எம்மவன் முடிச்சிருவான்யா" என்றார். இன்னொருவர் கையில் கருவாட்டுக் குழம்பு மணத்தது. "இந்த வாடைக்கே மலைப்பூனை எறங்கி வந்துரும், இவனைப் பின்னால விடுங்கடா" என்று நாட்டாமை சிரித்தார்.

எல்லாருக்கும் பின்னால் வந்தவர் என் மாமனாரின் தம்பி. கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் சுண்ணாம்பு. நான் நாட்டாமையைப் பார்த்தேன்.

"சின்ன மாமா வெத்தலை வரைக்கும் முடிச்சிட்டுல்ல வந்திருக்காக!" என்றார் நாட்டாமை. கூட்டம் ஓவென்று சிரித்தது.

சின்ன மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். முதலில் வந்த வண்டிக்காரர், வரிசையின் கடைசியில் போய் நிற்பதை அவர்தான் கவனித்தார்.

"ஏலே, ஒங்கையக் காட்டு."

வண்டிக்காரர் கையை நீட்டினார். சுத்தமான கை. ஒரு பருக்கை இல்லை.

"பாத்தீயளா? கழுவின கை! கழுவிட்டு எப்படிலே எல்லாருக்கும் முந்தி வருவான்? இன்னைக்குத்தான் கொம்புன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு வயக்காட்டுல எங்க மருமகன்கிட்ட நின்னு ரகசியம் பேசுனானே, அப்பவே நெனச்சேன்."

என்றைக்குக் கொம்பு என்று எனக்கே தெரியாது. ஆனால் கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அசலூர்க்காரன் என்ற சொல்லும் காதில் விழுந்தது. தான் இன்னும் சாப்பிடவில்லை என்று வண்டிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சாப்பிடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அவருடைய மைத்துனர்மாரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கிட்டே போய், என் முதுகு கூட்டத்துக்கு மறைப்பாக இருக்கும்படி நின்று, என் வலது கையால் அவர் வலது கையைப் பிடித்தேன். என் விரலிடுக்கில் கம்மஞ்சோறு காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருந்தது. வேறு நாளில், வேறு ஒருவர் கையை எச்சில் கையால் தொட்டால் அது சண்டையில் முடியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டேன்.

"சோறு இருக்கு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கம்மஞ்சோறு இருக்கு. வெரலிடுக்குல."

நாட்டாமை வந்து வண்டிக்காரரின் கையைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். அவர் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"கம்மஞ்சோறுதான்," என்றார். "குழையக் குடு."

கொடுத்தேன். சின்ன மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாட்டாமை அதற்குள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"இன்னொண்ணு. இந்த வருசம் மலையடியில கஞ்சி கெடையாது."

நான் வண்டிக்காரர் கையில் இருந்த குழையைப் பார்த்தேன். சட்டியோடு வந்தவர், "அதெப்படி? வெறும் வயித்தோடயா தீயணைக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

"ஏலே, தீக்காவலுக்குப் போற எடத்துல எவனாவது அடுப்பு மூட்டுவானா? போன வருசமெல்லாம் நாம செஞ்சது கிறுக்குத்தனம். கஞ்சிக்கு உள்ள கம்பை வீட்டுக்கே அளந்து குடுத்திருவோம். அவனவன் வீட்டுல காய்ச்சிக் குடிச்சிட்டுத் தூக்குல கொண்டு வரட்டும். குழை வாங்குன ஆளுக பொழுது சாயுமுன்னே வந்து வாங்கிக்கிடுங்க."

இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாத நியாயம் அது. சின்ன மாமாகூட, "அது சரிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் கும்பாவில் சோறு மேலே ஏடு கட்டிக் காய்ந்திருந்தது. என் மனைவி இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். நான் தின்றேன். பொழுது இறங்குகிற நேரத்தில் பக்கத்துத் தெருவில் உலக்கை விழுகிற சத்தம் கேட்டது. அவள் முறத்தை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"அவுக வீட்டுலயா கம்பு இடிக்காக?" என்றாள்.

"ஆமா, காவலுக்குச் சேந்துட்டாரு," என்றேன்.

அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். இடிக்கிற சத்தம் விளக்கு வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.