ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் டயர் கடையில் வைத்த பெயர் ‘கேமரா’. ஆள் பேக்கரி வேன் ஓட்டுகிறார். விடியும்போது ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் பாதி நகரத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு ரொட்டி நசுங்காமல் போய்ச் சேர்வதே பெரிய விஷயம். அந்த வேனுக்கு டயர் மாற்றுகிறவன் நான்தான். அதனால் ஆதாரத்தோடுதான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு வேகக் கேமரா என்றால் எமன். அபராதம் கட்டி அலுத்துப்போயிருந்தவருக்கு யாரோ ஒரு மேப்பைக் காட்டினார்கள். எந்தச் சாலையில், எந்தக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்று ஜனங்களே ஏற்றிவைக்கும் பொது மேப் அது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சேர்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம். போனில் போட்டுக்கொண்டு ஓட்டினால் கேமரா நெருங்கும்போது மணியடிக்கும். மணியடித்ததும் பிரேக், தாண்டியதும் பழையபடி பறக்க வேண்டியது.

அதோடு நின்றிருந்தால் பிழைக்கத் தெரிந்த டிரைவர் என்று விட்டிருப்பேன். மனிதர் தானும் சேர்க்க ஆரம்பித்தார். கேமரா நிற்கும் இடம், அங்கே அனுமதித்த வேகம், எந்தத் திசையிலிருந்து வரும் வண்டியைப் படம் பிடிக்கும் என்ற விவரம், எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அந்த நட்சத்திரத்துக்காக ஆள் நாயாக அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம் என்று பெண்டாட்டி பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போய், புறவழிச்சாலையில் ஏதோ ஒரு கம்பத்தடியில் வெயிலில் நிற்க வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கேமரா எங்கே திரும்பியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். கேட்டால் பொதுச் சேவையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவளால் கடையை விட்டு வர முடியாது. மகள் தனியாகத்தான் எங்கள் கடை முன்னால் போகும் சாலையைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டும். அந்தச் சாலையில் வண்டிகள் போகிற போக்கைப் பார்த்தால் பெரியவர்களே கடக்கத் தயங்குவார்கள். அந்தப் பிள்ளை சாலை ஓரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதைக் கடையிலிருந்து பார்க்கிற எனக்குக் கையில் வேலை ஓடாது. இங்கே ஒரு வேகக் கேமரா வைத்தே ஆக வேண்டும் என்று தங்கை வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஊரே கையெழுத்துப் போட்டது. அவள் புருஷன் மட்டும் பேனா எழுதவில்லை என்றார்.

கடைசியில் கேமரா வந்தேவிட்டது. பொருத்தியவர்கள் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மாப்பிள்ளை கீழே போனோடு தயாராக நின்றார். பாலத்துப் பக்கமிருந்து வருகிற வண்டியைத்தான் அது பிடிக்கும், சந்தைப் பக்கமிருந்து வருவதைப் பிடிக்காது என்று கண்டுபிடித்து, அதையும் அக்கறையாக ஏற்றினார். சொந்தத் தெருவில் கிடைத்த நட்சத்திரம் அல்லவா, தலைகால் புரியவில்லை. கேமராவைப் பார்த்த டிரைவர் எல்லாம் இரண்டு பக்கமும் பிடிக்கும் என்று பயந்து மெதுவாகப் போக ஆரம்பித்திருந்த சாலை அது. அதனால் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் பிடிக்கும்னு மாத்திப் போட்டுடுங்களேன் மாப்பிள்ளை. பிள்ளை நடக்கிற ரோடு.”

“பொய் போடச் சொல்றீங்களா மச்சான்? எத்தனை பேர் நம்பி ஓட்டுற மேப் தெரியுமா?”

அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். பேக்கரி முதலாளியிடம் வாரா வாரம் டயர் பஞ்சர் என்று கதை விடுகிற அதே வாய்தான். தங்கையும் கெஞ்சிப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டால்தானே.

சந்தைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டார்கள். வேகம் பழையபடி ஏறியது. ஒரு சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து வந்த கார் ஒன்று பிள்ளையைத் தட்டிவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உயிருக்கு ஒன்றுமில்லை, தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கார்க்காரர் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஓடிப்போகாமல் கூடவே வந்த ஆள், பாவம். ஏன் அவ்வளவு வேகம் என்று தங்கை கேட்டதற்குத் தன் போனை எடுத்து நீட்டினார்.

“இந்தப் பக்கம் கேமரா பார்க்காதுன்னு இதுல போட்டிருந்துச்சும்மா. அதான் பிரேக் போடாம வந்துட்டேன்.”

தங்கை அதைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவள் நாலு அறை கொடுத்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். இப்போதுமா என்று பிடுங்கப் போனேன். திரையைக் காட்டினார். எங்கள் தெருக் கேமராவுக்கு ‘இரண்டு பக்கமும்’ என்று மாற்றியிருந்தார். இந்தப் புத்தி போன வாரமே வந்திருக்கக் கூடாதா என்று திட்டினேன். வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் மெனக்கெட்டு எங்கள் தெருவுக்கு வந்து, கம்பத்தடியில் நின்று, படமும் எடுத்துப் போட்டிருந்தான். சந்தைப் பக்கமிருந்து வரும் வண்டியைப் பிடிக்காது, தவறான தகவல் திருத்தப்பட்டது என்று கீழே எழுதியிருந்தான். அவனுக்கு நட்சத்திரமும் விழுந்திருந்தது.

“யாருங்க அது?” என்று தங்கை கேட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் அவரிடம் வாய் திறந்ததே அப்போதுதான்.

“தெரியாது,” என்றார். “என்னை மாதிரி ஒருத்தன்.”