சார்ஜன் சம்மந்தியின் படையல்

செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம்தான். தெரிந்துதான் சொல்கிறேன். என் சம்மந்தி புஷ்பவள்ளி செத்து எட்டு நாள் ஆன பிறகும் எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் மணியம் ஸ்கூடாயில் இருக்கிறான். தினமும் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அவன் மனைவி பிரேமலா, புஷ்பவள்ளியின் ஒரே மகள். அவர்களுக்குக் கவின், சாந்தினி என்று இரண்டு பிள்ளைகள். நான் கூடவே இருந்து பொங்கிப் போடுகிற பாட்டி. அவள் குளுவாங்கிலிருந்து வாரக் கடைசியில் பஸ் ஏறி வருகிற பாட்டி. அவளைச் 'சார்ஜன் பாட்டி' என்பார்கள். நான் வெறும் பாட்டி.

பட்டம் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவள் தகப்பனார் செகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. மகளுக்கு இருபத்திரண்டு வயதானபோது மாப்பிள்ளை பார்த்தார். அந்தக் கதையை அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள்.

"மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கல சம்மந்தி. அப்பாகிட்ட சொன்னேன், கேக்கல. பட்டாளத்துக்குப் பொம்பளைங்கள எடுக்கறாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். போய்ட்டேன்."

போய்விட்டாளாம். ஏதோ சந்தைக்குப் போன மாதிரி. தகப்பனார் வருஷக்கணக்கில் பேசவில்லை. அவளுக்கு முகாம்களில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து லைன் கொடுக்கிற வேலை. கடல் தாண்டிக் கூச்சிங்வரை அனுப்பினார்கள், போனாள். சட்டைக் கையில் மூன்று பட்டை ஏறிச் சார்ஜென்ட், அதாவது மலாயில் சார்ஜன், ஆனாள். முப்பது வயதுக்குமேல் பட்டாளத்து ஆம்புலன்ஸ் ஓட்டிய செல்லப்பனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மகளைத் தனியாக வளர்த்தாள். பென்ஷன் வாங்கிய பிறகும் சும்மா இருக்கவில்லை, எழுபது வயதுவரை மோட்டார் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போனாள்.

எனக்கும் பெக்கோக்கில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. காலையில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினேன், மத்தியானம் சமைத்தேன், பிள்ளை பெற்றேன். என் கதை அவ்வளவுதான், அதைப் பேரப்பிள்ளைகள் கேட்டதும் இல்லை.

சரி, அவள் பட்டாளத்துக்குப் போனாள், போகட்டும். என் பேரப்பிள்ளைகளை ஏன் கொண்டுபோக வேண்டும்? அவர்கள் முதலில் என்னைத்தான் தேட வேண்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு? ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் இரண்டும் வாசல் கேட்டிலேயே நிற்கும். அவள் வந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள், நகம் பார்ப்பாள், பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பளபளவென்று துடைக்கச் சொல்வாள். நான் ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள், அவள் சொன்னால் போர்வையை மூலைக்கு மூலை மடிப்பார்கள்.

சாப்பாட்டு விஷயம்தான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. அவளுக்குச் சமைக்கத் தெரியாது. சார்டின் மீன் டின்னைத் திறப்பாள், பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிவாள், முடிந்தது. அடுப்பே பற்றவைக்க மாட்டாள். நான் கோழி வறுத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் பின்வாசலில் நின்றுகொண்டே ரொட்டியில் அந்தச் சார்டினை வைத்துத் தின்றுவிட்டு, "பாட்டி, வயிறு ஃபுல்லா இருக்கு" என்பார்கள்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாள். சாவிலும் ஒரு குறை வைக்கவில்லை. குளுவாங் வீட்டு வாசலில் பழைய பட்டாளத்துக்காரர்கள் தொப்பி போட்டு, மெடல் குத்தி வந்து நின்றார்கள். தடியூன்றிய ஒரு மலாய்க்காரப் பெரியவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "சார்ஜன் கோபக்காரி, ஆனால் மனசு தங்கம்" என்று மலாயில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கவினும் சாந்தினியும் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தபோது தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்கு இப்படி அழுவார்களா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, சம்மந்தி வீட்டுச் சாப்பாடுதான் வர வேண்டும். ஆக அங்கேயும் நான்தான் கரண்டி பிடித்தேன். எட்டாம் நாள் படையலுக்கும் நான்தான். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம்.

"அம்மாவுக்கு என்னென்ன வைக்கலாம்?" என்று பிரேமலா கேட்டதுதான் தாமதம். சர்க்கரை போடாத கோப்பி, உப்பு பிஸ்கட், அரை டம்ளர் ஸ்டவுட் பீர், சார்டின் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

சார்டினை நானே செய்கிறேன் என்றேன். செய்தேன். கடுகு தாளித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, வாசனை தெருவுக்கே போனது. சமைக்கத் தெரிந்த கை சும்மா இருக்குமா? கடைசியிலாவது அவள் ஒரு நல்ல சார்டின் சாப்பிடட்டுமே என்று நினைத்தேன்.

இலையைப் பார்த்துக் கவின் நின்றான். வளர்ந்த பையன், நிதானமாகத்தான் சொன்னான்.

"பாட்டி, இது சார்ஜன் பாட்டி சார்டின் இல்ல."

"இது அதவிட நல்லா இருக்கும்டா."

"நல்லாதான் இருக்கும். ஆனா அவங்களுக்கு இது பிடிக்காது."

அவன் கடைக்குப் போய் ஒரு டின் வாங்கி வந்து, வெங்காயம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து இலையில் வைத்தான். என் குழம்பைப் பிரேமலா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்கு எடுத்துப் போனாள். செத்தவளிடமும் தோற்றுவிட்டேன்.

கும்பிட்டு முடிந்ததும் சாந்தினி வந்து என் மடியில் சாய்ந்தாள். மனசில் வந்ததைக் கேட்டுவிடுகிற பிள்ளை.

"பாட்டி, உங்களுக்கு என்ன பிடிக்கும்? நீங்க செத்தா நாங்க என்ன வைக்கறது?"

பிரேமலா அதட்டினாள். மணியம் சிரித்துக்கொண்டே, "பாட்டிக்கு எல்லாமே பிடிக்கும்லா" என்றான். பெற்ற மகன். கவின் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டி கடைசியாதானே சாப்பிடுவாங்க. எது மிஞ்சுதோ அது" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குப் பிடித்தது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். இதோ சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன். மணியத்துக்கு நெத்திலிச் சம்பால், வீட்டுக்காரருக்குக் கருவாட்டுக் குழம்பு, பிரேமலாவுக்குப் புளிக்காத தயிர், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்கு என்று ஒன்றும் வரவில்லை.

புஷ்பவள்ளிக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருந்தது. மாப்பிள்ளையிலிருந்து சார்டின்வரை தெரிந்திருந்தது. பேரப்பிள்ளைகளைக்கூட விட்டுக்கொடுத்திருப்பேன், இதற்குத்தான் என் வயிறு இன்னும் எரிகிறது.

"சொல்லுங்க பாட்டி" என்று சாந்தினி முழங்காலை ஆட்டினாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

கருமக்கிரியையும் முடிந்துவிட்டது. பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்கிறாள். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.